நத்தையக்காவின் தலைவலி

வீட்டை முதுகில் சுமந்து திரிகிறவர்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடற்கரையில் கூடினார்கள். ஒருவர் வீட்டை மற்றவர் எட்டிப் பார்த்து மெச்சுவது அங்கே வழக்கம்.

“நத்தையக்கா, வீடு பளபளன்னு இருக்கே! உள்ளே எத்தனை சுற்று?” என்றது சங்கில் குடியிருக்கும் நண்டு.

நத்தைக்குத் திக்கென்றது. காலிச் சங்கு எங்கே கிடைக்கும் என்று அலைகிற பயல், எதற்கு அளவெடுக்கிறான்? தலைவலி என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டது.

வெளியே ஆமையின் பாட்டும் சிரிப்பும் கேட்கக் கேட்க, ‘எல்லாம் நம்மை வெளியே வரவைக்கத்தான்’ என்று இன்னும் உள்ளே சுருண்டது.

ஞாயிறு மாலை எல்லோரும் கிளம்பினார்கள். “அக்கா, தலைவலி விட்டதும் சாப்பிடுங்க” என்று வாசலில் கொழுந்து இலையை வைத்துவிட்டு நண்டும் போனது.

நத்தை எட்டிப் பார்த்தது. இலையை முகர்ந்தது.

“என்னத்தைக் கலந்தானோ!” என்று, பட்டினியோடு வீட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தது.