டக்கென்று நின்றால்

பெட்ரோல் பங்க்கில் டயருக்குக் காற்று அடிக்கும் இடத்தருகே நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் நோட்டில் இன்னொரு கோடு போட்டார். காலையிலிருந்து அவர் போடுகிற ஒவ்வொரு கோட்டையும் பெட்ரோல் போடும் பெண் தன் கணக்கில் ஒரு தப்பாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

பங்க்கில் அவளுக்குப் பெயரே அவசரக்குடுக்கை. போன மாதம் ஒரு பைக்குக்கு டேங்க் வழிய வழிய ஊற்றி, சூடான இன்ஜின் மேல் சிந்திப் புகையே கிளம்பிவிட்டது. நல்லவேளை, பற்றிக்கொள்ளவில்லை.

"இன்னிக்குக் கம்பெனி செக்கிங். இன்னொரு தப்பு நடந்துச்சுன்னா நாளைக்கு நீ வரவே வேணாம்" என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். அவள் சம்பளத்தை நம்பி வீட்டில் அப்பாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை அவளுக்கு.

அந்த நேரம் பார்த்து ஒரு பைக் சீறிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தவர் முகமெல்லாம் வியர்வை. பின்னால் அவர் மனைவி கைப்பையை மடியில் வைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

"ஃபுல் பண்ணும்மா, சீக்கிரம்! வீட்டம்மாவுக்கு வயித்துவலி. ஆஸ்பத்திரிக்குப் போறோம்!"

"இன்ஜினை ஆஃப் பண்ணுங்க சார். ரெண்டு பேரும் எறங்கிருங்க."

"அவ துடிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? உக்காந்தபடியே போடு!"

ஐயோ பாவம் என்றுதான் இருந்தது அவளுக்கு. வேறு நாளாக இருந்தால் இந்நேரம் ஊற்றி அனுப்பியிருப்பாள். ஓரக்கண்ணால் பார்த்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்காம போட மாட்டேன் சார்" என்றவள், ஓடிப்போய்த் தன் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வந்து பத்தடி தள்ளிப் போட்டாள். "நீங்க இதுல உக்காருங்கக்கா. கண்ணை மூடித் தெறக்கிறதுக்குள்ள முடிச்சிர்றேன்."

மனைவி முனகிக்கொண்டே போய் உட்கார்ந்தாள். கணவர் பல்லைக் கடித்தபடி பைக்கை நடு ஸ்டாண்டில் ஏற்றி, டேங்க் மூடியைத் திறந்தார். திறந்த கையோடு செல்போனை எடுத்தார்.

"டாக்டருக்கு ஒரு போன் போட்டுர்றேன்."

"இங்க வேணாம் சார், அந்தப் பக்கம் போய்ப் பேசுங்க. அதுக்கு முன்னாடி மீட்டரைப் பாத்துக்கங்க, ஜீரோ."

"உன் ஜீரோவை நீயே வெச்சுக்க!" என்று போனைச் சட்டைப் பையில் திணித்தார்.

பின்னால் நின்றவர்கள் ஹாரனை அலறவிட்டார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொன்னவர் ஒரு நாள் பெட்ரோல் பங்க்கில் வந்து நின்று பார்த்திருக்க வேண்டும். அவள் பம்ப் குழாயின் மூக்கை டேங்குக்குள் இறக்கி மெதுவாக அழுத்தினாள். அரை லிட்டர்கூட இறங்கியிருக்காது, டக்கென்று அது தானாக நின்றது.

"ஏன் நிறுத்திட்டே? ஃபுல்லுன்னு சொன்னேன்ல? வழியிற வரைக்கும் ஊத்து!"

"டக்குனு நின்னா அதுக்கு மேல ஒரு சொட்டு ஊத்தக் கூடாது சார். வெயில்ல பெட்ரோல் விரியும், அதுக்கும் எடம் வேணும். சூடான இன்ஜின்ல சிந்திப் பத்திக்கிச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு மூணு பேராத்தான் போகணும்."

மூடியை அழுத்திப் பூட்டச் சொன்னாள். டேங்கைத் துணியால் துடைத்தாள். பைக்கை நாலடி தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். கணவர் பணத்தை அவள் கையில் திணித்து, "நல்லா இருப்பே நீ!" என்று சாபம் கொடுப்பது போல் சொன்னார்.

மனைவியைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தனுப்பினாள். பைக் பறந்தது.

வெள்ளைச் சட்டைக்காரர் நோட்டை மூடிவிட்டு அவளிடம் வந்தார். அவளே முந்திக்கொண்டாள்.

"நான் எல்லாம் சரியாத்தானே சார் பண்ணேன்?"

"என்னைக் கேட்டா எனக்கென்னம்மா தெரியும்? நான் ரோடு ஆபீஸ். ரோட்டை அகலமாக்கப் போறாங்க, அதான் எத்தனை வண்டி போகுதுன்னு கோடு போட்டுக்கிட்டிருக்கேன். குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

தண்ணீர் பைக்கோடு போய்விட்டிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவள் வெள்ளைச் சட்டைக்கே அரண்டிருக்கிறாள். வண்டி எண்ணுகிற ஆளுக்குப் பயந்தா வயிற்றுவலிக்காரியை இறக்கி உட்கார வைத்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். போகிற வழியில் அந்த அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதே நேரம், இரண்டு தெரு தள்ளி ஒரு மர நிழலில் அந்த பைக் நின்றிருந்தது. கணவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அந்தப் பெண் கொடுத்த தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"இனிமே டேங்க்ல ஒரு சொட்டு எறங்காது, சொல்லிட்டேன்" என்றார்.

மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து கம்பெனிப் பெயர் போட்ட ஒரு தாளை எடுத்து, மேலிருந்து கீழ்வரை டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

"இந்தப் பொண்ணு பாஸ். அடுத்த பங்க்ல வயித்துவலி உங்களுக்கு!"