தண்டில் சுற்றிய துணி

டிராக்டருக்கும் அதன் பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டருக்கும் நடுவே சுழலும் இரும்புத் தண்டுக்கு ஒரு மூடி உண்டு. கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று முதலாளி அதைக் கழற்றிக் கொட்டகை மூலையில் போட்டுவிட்டார். டிரைவராக இருந்த என் புருஷனின் நீலச் சட்டை அந்தத் தண்டில்தான் சிக்கியது. சட்டையோடு அவரும் போனார்.

"தொளதொளன்னு சட்டை போட்டா மெஷின் சும்மா இருக்குமா?" என்று சாவு வீட்டிலேயே கேட்டார் முதலாளி.

அதன்பிறகு வண்டியை யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் தினமும் காலையில் தண்டில் நீலத் துணி இறுகச் சுற்றியிருக்கும். கொட்டகை கூட்டப்போகும் நான்தான் அதை வெட்டி எடுப்பேன். "எலி வேலை" என்பார் முதலாளி. எலி முடிச்சும் போடுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடும்.

இன்று சுற்றியிருந்த துணி நீலமில்லை. மஞ்சள் கட்டம் போட்ட புதுத் துணி.

"மொதலாளி, அந்த மூடிய மாட்டிடுங்க. உங்க கால்ல விழறேன்."

"உழவு முடியட்டும்மா, பாத்துக்கலாம்."

அப்போது புது டிரைவர் வந்தான். என் புருஷனின் தம்பிதான். இன்று அவனுக்கு முதல் நாள்.

"அண்ணி, சட்டை எப்படி இருக்கு? வேலைக்குன்னே நேத்து எடுத்தேன்."

மஞ்சள் கட்டம்.

"கழட்டு தம்பி, அதக் கழட்டிடு."

அவன் சிரித்தான். முதலாளி சிரிக்கவில்லை. என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். அவன் சட்டையைப் பார்த்தார். மூலையில் கிடந்த மூடியையும் பார்த்தார்.

பிறகு சாவியை அவனிடம் நீட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஏறுப்பா, நேரமாகுது."