வியாழன் அந்தியில் சாகும் பெட்டி

இரும்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறேன். கையில் டார்ச். இன்றைக்கு அந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு ரயில் ஏறுவதில்லை.

எதிரே மேசைக்கு அடியில் என் சர்வர் உறுமிக்கொண்டிருக்கிறது. காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் போட்டு நானே உட்காரவைத்த பெட்டி. போர்ட் கிள்ளானில் எங்கள் ஃபார்வர்டிங் கம்பெனியின் கண்டெய்னர் பேப்பர் அத்தனையும் அதற்குள்தான்.

வியாழன் அந்தியானால் செத்துவிடுகிறது.

வெள்ளி காலையில் வந்தால் திரை கறுப்பு, பிரிண்டர் ஊமை. பேப்பர் இல்லாமல் கண்டெய்னர் நகராது. லோரிக்காரர்கள் வாசலில் நின்று என் பரம்பரையையே இழுப்பார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. மெமரியை மாற்றினேன். பவர் சப்ளையை மாற்றினேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். ஓய்வே கொடுக்காமல் கெர்னலைத் திரும்பத் திரும்ப கம்பைல் பண்ணவிட்டு வாட்டி எடுத்தேன். மற்ற நாளெல்லாம் ஜம்மென்று ஓடுகிறது, சனியன். பெட்டி தானே எழுதிவைக்கிற லாகைத் திறந்தால் ஒவ்வொரு தடவையும் வியாழன் அந்தியோடு நின்றுபோயிருக்கிறது.

மெஷினுக்குக் கிழமை தெரியாது. மனுஷனுக்குத்தான் தெரியும். யாரோ வந்து கை வைக்கிறார்கள்.

சந்தேகம், ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி கௌஸ் அண்ணன் மேல். சும்மா கிடைத்த சாமான் எத்தனை நாளைக்கு ஓடும் என்று முதல் நாளிலிருந்தே வாயால் குத்துகிறவர். ஆபீஸ் சாவியும் அவரிடம் உண்டு.

யூனுஸ் பாஸ் நேற்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இந்த வெள்ளியும் செத்துக் கிடந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீயும் கிளம்பு என்று. முகத்தில் ஈவிரக்கம் இல்லை.

கிளம்பி எங்கே போவது? ரிங்கிட் விழுந்து கிடக்கிற வருஷம் இது. அதிலும் நான் கவர்மெண்டு வேலையை விட்டுவிட்டு வந்தவள். தலைமுறை தலைமுறையாகக் கவர்மெண்டு சம்பளம் வாங்கிய யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே குடியேறிய எங்கள் வீட்டில் அது கொலைக்குச் சமம். அன்றைக்குப் பேச்சை நிறுத்திய அப்பா இன்னும் வாய் திறக்கவில்லை. தோற்றுப்போய் வீட்டுக்குப் போனால் திறப்பார். அதைக் கேட்பதைவிட இந்த அலமாரிக்குப் பின்னாலேயே கிடந்துவிடலாம்.

பூட்டு திறக்கிற சத்தம்.

மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். செருப்புச் சத்தம் நேராக என் சர்வரிடம் வருகிறது. வாடா மவனே, வா.

டார்ச் பட்டனில் விரலை வைக்கிறேன். அதற்குள் ஒரு வாசம்.

சாம்பிராணி.

அடக் கடவுளே! ஒவ்வொரு வெள்ளி காலையும் இந்த அறையில் இதே வாசம் இருந்தது. வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டிலும் இதே வாசம்தான். அதனாலேயே மூக்கில் ஏறியது மண்டையில் ஏறவில்லை. ஒரு வெள்ளைக்காரன் இங்கே வேலை பார்த்திருந்தால் முதல் வாரமே கேட்டிருப்பான், இது என்ன புகை என்று.

இடுக்கு வழியே எட்டிப் பார்க்கிறேன். கரி கனன்றுகொண்டிருக்கிற சட்டி. சர்வர் காற்றிழுக்கும் ஓட்டைக்கு நேர் முன்னால், அவ்வளவு பக்தியாக அதை வைக்கிறது ஒரு கை. ஏர்கானை வேலை முடிந்ததுமே அணைத்துவிடுவார்கள். மூடிய அறையில் நெருப்புக் காற்றை இழுத்து இழுத்துத்தான் என் பிள்ளை மூச்சடைத்துச் செத்திருக்கிறது.

அந்தக் கை கௌஸ் அண்ணனுடையது இல்லை.

யூனுஸ் பாஸ்.

தொப்பியைச் சரிசெய்துகொண்டு, முட்டி வலியில் முனகியபடி தரையில் உட்காருகிறார். அவருக்கு வியாழன் அந்தியிலேயே வெள்ளி பிறந்துவிடும். ஏதோ ஓதி, சர்வரின் மேல் மெல்ல ஊதுகிறார். பிறகு துஆ கேட்க இரண்டு கைகளையும் ஏந்துகிறார்.

“யா அல்லா, இந்த வாரம் சாம்பிராணி கூடவே போட்டிருக்கேன். அந்த இராசேஸ்வரிப் புள்ள கவர்மெண்டு வேலைய விட்டுட்டு நம்மள நம்பி வந்திருக்கு. நாளைக்கு அது தலை குனியக்கூடாது.”

எனக்கு அழுகை வருகிறது, சிரிப்பு வருகிறது, இருமலும் வருகிறது. துப்பட்டாவை வாயில் திணித்துக்கொள்கிறேன். நோய் முற்ற முற்ற மருந்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார் மனுஷன்.

பாங்கு கேட்கிறது. அவர் எழுந்து எதிர்ப் பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறார்.

பாய்ந்து போய், சட்டியைத் துப்பட்டாவால் பிடித்துக் கதவோரம் தள்ளுகிறேன். ஜன்னலைத் திறக்கிறேன். சர்வரின் பக்கவாட்டைத் தொட்டால் சுடுகிறது. கௌஸ் அண்ணன் மேசையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து விசிறு விசிறென்று விசிறுகிறேன். பாவம், அவரை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன். செத்துடாதே, என் ராசா, இன்றைக்கு மட்டும் செத்துடாதே.

உறுமல் நிற்கவில்லை.

செருப்புச் சத்தம் திரும்பி வருவதற்குள் ஜன்னலைச் சாத்தி, சட்டியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு அலமாரிக்குப் பின்னால் ஒடுங்கிவிட்டேன். அணைந்த கரியோடு அதை எடுத்துக்கொண்டு போகும்போது, சர்வரை மெல்லத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

வெள்ளி காலை. பிரிண்டர் கத்திக்கொண்டிருக்கிறது, லோரிகள் கிளம்புகின்றன. யூனுஸ் பாஸ் அதே ஈவிரக்கமில்லாத முகத்தோடு வந்து, என்னதான் கோளாறு என்று கேட்கிறார்.

“மெமரிதான் பாஸ். மாத்திட்டேன்.”

அப்படியா என்று தலையாட்டுகிறார். தாடிக்குள் ஒரு சிரிப்பு ஓடுகிறது, எனக்குத் தெரியாததா என்பதுபோல.

தரையில் இருந்தால் தூசி ஏறும் என்று சொல்லி, சர்வரை இரும்பு அலமாரியின் உச்சியில், ஜன்னலோரமாக ஏற்றிவிட்டேன். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

சட்டி அங்கே எட்டாது. துஆ எட்டும்லா.