கடைசி வரிசையிலிருந்து ஒரு பதில்

“சத்தம் போடாம கவனிங்க. நாளைக்கு டெமோ கிளாஸ் நல்லா எடுத்தாத்தான் அந்த ஸ்கூல்ல எனக்கு வேலை” என்றாள் கிருத்திகா.

வகுப்பு தலையைச் சாய்த்துப் பார்த்தது.

“மழை வந்தப்ப அவ தூங்கிட்டு இருந்தா. இதுக்கு ‘வாஸ் ஸ்லீப்பிங்’. சரி, மழை வந்தப்ப அவ ரெண்டு மணி நேரமா தூங்கிட்டு இருந்தா. இதுக்கு என்ன சொல்லோணும்?”

முன்வரிசையில் சலசலப்பு மட்டும் எழுந்தது.

“ஒரு வாரமா இதத்தான் நடத்தறேன்! கழுத்த நீட்டி நீட்டிப் பாத்தா ஆச்சா? திங்கறதுல இருக்கற அக்கறை படிப்புல வேண்டாமா?”

“ஹேட் பீன் ஸ்லீப்பிங்குங்க மிஸ்!” கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

கிருத்திகா துள்ளிக் குதித்தாள். “சபாஷ்! யாரது? முன்னால வாங்க!”

கையில் தீவன வாளியோடு அவள் அப்பா சுப்பையன் வந்தார்.

“அப்பா! உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“தீவனம் போட வாரப்பெல்லாம் கேக்கறனே சாமி. இத்தன நேரமான்னு கணக்கு வந்தா ஹேட் பீன்னு நீதான சொன்ன? ஆனா இப்படிக் குதிக்காத. கோழி மிரண்டா முட்டை கொறஞ்சு போகும்.”

கூண்டுகளிலிருந்து ஐயாயிரம் கோழிகளும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

“நாளைக்குப் புள்ளைங்களும் இப்படியே முழிச்சா என்னங்கப்பா பண்றது?”

“ஒம்பதாவதோட நின்ன எனக்கே ஏறிருச்சு. புள்ளைங்களுக்கு ஏறாதா சாமி? கோழிகள மட்டும் ஃபெயிலாக்கிரு!”