அழுகைத் தடை

சாவு வீட்டில் யாரும் வாய்விட்டு அழக்கூடாது என்று சட்டம் போட்டவர் தலைவர்தான். சத்தமில்லாமல் சாகிற ஊர்தான் முன்னேறுமாம். போன மாதம் சொர்ணத்தாயின் ஒரே மகன் இசக்கி செத்துப்போனபோது, தெருவே வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டுதான் அவனை வழியனுப்பியது. ஒப்பாரிக்குப் பேர்போன சொர்ணத்தாய் நெஞ்சில்கூட அடித்துக்கொள்ளவில்லை. அதுவும் சத்தம்தானே.

இன்றைக்குத் தலைவரின் தாயார் காலமானார். தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கதறிய கதறல் கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த குழாய்களிலிருந்து கொட்டியது. தெரு இனிப் பொங்கிவிடும் என்று சொர்ணத்தாய் வாசலுக்கு ஓடிவந்தாள். பொங்கத்தான் செய்தது, கண்ணீராக.

"பெத்தவளாச்சே. பாவம், அவரும் மனுசன்தானே" என்று எதிர்வீட்டுப் பிச்சம்மா மூக்கைச் சிந்தினாள்.

"அப்போ நானும் என் இசக்கிக்கு அழுதுக்கிடட்டுமா, மதினி?"

பிச்சம்மா பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். "கூறுகெட்டவளே, சட்டம் இருக்குல்லா? அந்த அம்மாவுக்குன்னா அழு, யாரும் கேக்க மாட்டாங்க. உன் மகனையும் அதுலேயே சேர்த்து அழுதுக்கோ. பேரை மட்டும் சொல்லிராத."

பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து, ஒப்பாரியை எடுத்துக்கொடுக்கச் சொல்லி அவளையே பார்த்தார்கள். சொர்ணத்தாய் மகனை நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறந்தாள். "என்னப் பெத்த..." என்று எடுத்தாள். பறிகொடுத்தது மகனை என்றால் அடுத்து 'ராசா' என்றுதான் வரவேண்டும். "தாயே" என்று வந்தது. பெண்கள் அதையே வாங்கிப் பாடினார்கள்.