முப்பத்தைந்து போதும்

உயிரின் விலை லண்டன் எட்மண்டனில் மணிக்குப் பதினெட்டுப் பவுண். ஸ்ரீஸ்கந்தராஜா அதைப் பதினைந்துக்குக் கேட்டுப் பார்த்தார். மசியவில்லை என்றதும், "சரி, ரெண்டு உயிருக்கும் சேர்த்து முப்பது போடுங்கோவன்" என்றார்.

"இது மரக்கறிக் கடை இல்லை, அண்ணை" என்றாள் கிரிஜா. கிழமை நாட்களில் அவள் பல் வைத்தியர். ஞாயிறுகளில் அங்கிருந்த துப்பாக்கி சுடும் கழகத்தில் பயிற்சியாளர். இரண்டுமே பேரம் பேசத் தோதில்லாத தொழில்கள்.

அமெரிக்காவில் பெற்றோல் நிலையம் வைத்திருக்கும் ஸ்ரீஸ்கந்தராஜாவின் தமையன், அதை நடத்தத் தம்பியையும் தம்பி மனைவி தவமலரையும் கூப்பிட்டிருந்தார். இரண்டு தரம் கொள்ளை போன இடம். கல்லாவில் நிற்கிறவர் இடுப்பில் துவக்கு இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

அதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும், பத்திரத்துக்குப் பரீட்சை. ஐம்பது சன்னம் சுட்டு முப்பத்தைந்து குறியில் படவேண்டும். இரண்டு பேரும் அதை இங்கேயே செய்து காட்டிய தாள் இன்றைக்குத் தமையனுக்குப் போய்ச் சேராவிட்டால், நிலையம் வேறொருவன் கைக்குப் போய்விடும். செவன் கிங்ஸில் இருந்த கடையை ஸ்ரீஸ்கந்தராஜா போன மாதமே விற்றுவிட்டார்.

லண்டனில் கைத்துப்பாக்கி தொட வழியில்லை. ஆகவே காற்றுத் துப்பாக்கி, பத்து மீற்றர். தமையன் அனுப்பியிருந்த மனித உருவத் தாளைக் கிரிஜா திருப்பிக் கொடுத்தாள்.

"ஆள் படத்துக்கு இஞ்ச சுட விடமாட்டம்."

தவமலர் அதை வாங்கி, முகம் உள்ளே போகும்படி சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தாள். பதிலுக்கு வட்டம் போட்ட வெள்ளைத் தாள் வந்தது.

முதலில் ஸ்ரீஸ்கந்தராஜா. ஒவ்வொரு சன்னத்துக்கும் ஒரு பெருமூச்சு, ஒரு விமர்சனம். முப்பத்தெட்டு பட்டது. ஏலத்தில் காணி எடுத்தவர் போலத் திரும்பினார்.

"இனி நீர் வாரும், தவம். கண்ணை மூடாமச் சுட்டால் அதுவே பெரிய காரியம்."

"எத்தினை படவேணும்?" என்று கேட்டாள் தவமலர்.

"முப்பத்தஞ்சு. கூடப் பட்டால் ஒருத்தரும் அடிக்கமாட்டினம்."

அவள் துப்பாக்கியை எடுத்தாள். தூக்கினாள், சுட்டாள், இறக்கினாள். தபாற்கந்தோர் வரிசையில் நிற்கிற முகம். கிரிஜா அவள் கையைப் பார்த்தபடி நின்றாள். தாளைப் பார்ப்பது கடைசியில்தான்.

ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குச் சும்மா நிற்க ஏலாது. "விசாப் படிவத்தில ஒரு கேள்வி, பிள்ளை. ஆயுதப் பயிற்சி எடுத்தனீங்களோ எண்டு. இவவின்ரையும் நான்தான் நிரப்பினது. கேக்காமலே இல்லை எண்டு போட்டிட்டன்."

"கேட்டிருக்கலாம், அண்ணை. ஒரு பொய் பிடிபட்டால் இன்டர்வியூவோட திருப்பி அனுப்பிப் போடுவினமாம்."

"இவவிட்டக் கேக்கிறதோ? பதினாறு வருசம் குடும்பம் நடத்திறன். நண்டு உயிரோட வந்தால் குசினிக்கு வெளியில நிண்டுகொண்டு, நீங்களே வெட்டுங்கோ எண்டுற ஆள்."

கிரிஜா சிரித்தாள். தவமலர் தூக்கினாள், சுட்டாள், இறக்கினாள். அடுத்த மாதம் அந்த இன்டர்வியூ.

ஐம்பதும் முடிந்து தாள் வந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா விரல் வைத்து இரண்டு தரம் எண்ணினார். வட்டத்துக்குள் முப்பத்தைந்து. வெளியே, கீழ் மூலையில் ஒரே ஒரு துளை.

"மட்டுமட்டாப் பாஸ்" என்றார். "ஒண்டு மூலைக்குப் போயிருக்கு. மற்றப் பதினாலுக்கும் தாளே அம்பிடேல்லை. சுவர் பாவம்."

"ஓம்" என்றாள் தவமலர்.

அவர் இரண்டு தாளையும் படம் பிடித்து அனுப்பினார். தமையனிடமிருந்து உடனே ஒரு கட்டை விரல் வந்தது. "வெளியில நில்லும், காரை எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, கிரிஜாவிடம் முப்பத்தாறு பவுணை மனமில்லாமல் நீட்டிவிட்டுப் போனார்.

கிரிஜா சுவரைப் பார்க்கப் போனாள். தாளுக்குப் பின்னால் இருந்த பலகை காலையில் மாற்றியது. சுவருக்குப் போன கிழமைதான் வெள்ளை அடித்திருந்தார்கள். தாள் மறைத்திருந்த இடத்தைத் தவிர இரண்டிலும் எங்கேயும் புதிதாக ஒரு கீறல் இல்லை.

திரும்பி வந்து தவமலரின் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். சன்னம் மிளகளவு. மூலையில் இருந்த துளைக்குள் அவளுடைய சின்ன விரல் நகம் வரைக்கும் போனது.

"அக்கா" என்றாள். குரல் தானாகத் தாழ்ந்தது. "சுவரில ஒண்டும் படேல்லை. மற்றப் பதினாலும் எங்க?"

தவமலர் கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள். வெளியே கார் வந்து ஹோர்ன் அடித்தது.

"வட்டத்துக்குள்ள முப்பத்தஞ்சு, அந்த ஓட்டைக்குள்ள பதினைஞ்சு. கணக்குச் சரிதானே, பிள்ளை."