எண்ணெய் வடியும் நேரம்

"அம்மா, ரெண்டு பாட்டில் இருக்கு. இதுல எத விடறது?"

ஹரிதா இரண்டு எஞ்சின் ஆயில் பாட்டில்களைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். எனக்குப் பம்பாய் மாட்டுங்காவில் சரஸ்வதி பூஜைக் காலை. அவளுக்குக் கனடாவில், கால்கரியில் இன்னும் முந்தைய நாள் சாயங்காலம்.

எதை விடுவது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஃபோன் வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹரிதா என் மாட்டுப்பெண். அந்த ஊரில் வாசலில் விழும் பனியை வாரித் தூர எறிய ஒரு மிஷின் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை அதற்கு எண்ணெய் மாற்ற வேண்டும். என் பிள்ளை நகுல் அந்த வேலையை ஆயுத பூஜையோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தான். முதல் நாள் எண்ணெய் மாற்றித் துடைத்து, மறுநாள் பூஜையில் வைப்பான். வேலை முடியும்வரை ஃபோனை கராஜ் அலமாரியில் சாய்த்து வைத்திருப்பான்.

மற்ற நாட்களில் அவன் ஃபோன் 'சாப்டியா, மாத்திரை போட்டுண்டியா' என்பதோடு சரி. அன்றைக்குக் கையெல்லாம் எண்ணெயாக இருக்கும், ஃபோனை வைக்க முடியாது. பழைய எண்ணெய் சொட்டுச் சொட்டாக வடிந்து தீரும்வரை பேசுவான். பெற்றவளுக்கு வருஷத்தில் கிடைத்த நல்ல பேச்சு அதுதான்.

நகுல் போன வருஷம் ஆடியில் போய்விட்டான். மாரடைப்பு. அந்த வருஷம் பண்டிகை கிடையாது, ஆகவே ஃபோனும் கிடையாது.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. நடுவில் இருந்தவனும் போனபிறகு எனக்கும் ஹரிதாவுக்கும் மிச்சம் இருந்தது இந்த மிஷின் ஒன்றுதான். இந்தப் பூஜைக்கும் கூப்பிடாவிட்டால் இனி ஒருபோதும் கூப்பிட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நேற்றிலிருந்து ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டே அலைந்தேன். குளிக்கும்போதுகூட வாளிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதன்மேல் வைத்திருந்தேன்.

"என்னம்மா, கேக்கறதா?"

"கேக்கறது, கேக்கறது. நம்பரச் சொல்லு."

"ஒண்ணு ஃபைவ் டபிள்யூ தர்ட்டி. இன்னொண்ணு டென் டபிள்யூ தர்ட்டி."

"முதல் நம்பர் சின்னதா இருக்கே, அத விடு. எத்தன குளிர்னாலும் கெட்டியாகாது."

நான் மெக்கானிக் இல்லை. ஃபோர்ட் ஏரியாவில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் டைப் அடித்து ரிடையர் ஆனவள். பனி என்று நான் பார்த்ததெல்லாம் ஃப்ரீசரில்தான். ஆனால் நகுல் முதல் வருஷம் அவன் அப்பா பேச்சைக் கேட்டு ஏமாந்த கதை தெரியும். அவருக்கு, இருந்தவரை, ஸ்கூட்டரென்றால் கெட்டி எண்ணெய்தான். பம்பாய் வெயிலுக்கு அது சரி. அவன் அதையே அங்கே ஊற்றிவிட்டு, நடு ஜனவரியில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வீங்கிப்போனான். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் வருமா? அதே சங்கதிதான்.

"மிஷின ஓட விடட்டாம்மா?"

"விடு. ஏக்தம் நன்னா சூடானாத்தான் பழசு இளகி வரும். அப்பறம் ஆஃப் பண்ணிட்டு ப்ளக் வயர உருவிடு. அத மறக்கப்படாது."

சொன்னபடியே செய்தாள். அடியில் தட்டை வைத்துத் திருகாணியைக் கழற்றியதும் எண்ணெய் கறுப்பாக இறங்கியது. மிஷின் பச்சையாக இருந்தது. நகுல் வைத்திருந்தது ஆரஞ்சு என்று ஞாபகம். வேறு வாங்கியிருப்பாள். கேட்டால் மாமியார் வேவு பார்க்கிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். என் மூட்டு வலியைப் பற்றிக் கேட்டாள். தாதர் பாலத்துப் படியில் விழுந்ததைச் சொன்னேன். அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தினமும் டிவியை ஓடவிட்டுத்தான் தூங்குவதாக அவள் சொன்னாள். "நானுந்தான்" என்றேன்.

பிறகு இரண்டு பேரும் தட்டில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தனியாகவே இருந்து பழகிவிட்டவளுக்கு, கூட ஒருத்தி சும்மா உட்கார்ந்திருப்பதே போதுமாக இருந்தது.

திருகாணியை மாட்டிப் புது எண்ணெயை விட்டாள். அளவுக் குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்துக் காட்டினாள். சரியாக இருந்தது.

அவ்வளவுதான். இனி அடுத்த வருஷம். அதுவரை எனக்கு உயிர் இருக்க வேண்டும், அவளுக்கு மனசு இருக்க வேண்டும்.

"சந்தனம் குங்குமம் வெச்சுடு" என்றேன். மோதிர விரலால் எஞ்சின் மூடியில் பெரிய பொட்டாக வைத்தாள்.

அப்போது கதவுப் பக்கமிருந்து ஓர் ஆண்குரல் இங்கிலீஷில் கேட்டது.

"ஹரிதா, என் மிஷின்ல என்ன அது, சிவப்பா?"

கம்பளிக் குல்லா போட்ட வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் திரையின் ஓரத்தில் வந்து நின்றார். ஹரிதா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பழைய பக்கத்து வீட்டுக்காரர்மா. நாங்க இருந்த ஆத்த மார்ச்லயே வித்துட்டேன். மிஷினையும் சேத்து. இப்ப இருக்கறது அபார்ட்மெண்ட். அங்க பனியெல்லாம் பில்டிங்காராளே அள்ளிடறா."

"அப்போ இது?"

"இது அவர் கராஜ், அவர் மிஷின். எண்ணெய் மாத்தித் தரேன்னு நானா அவர்ட்ட கேட்டு வாங்கிண்டேன். சும்மா கூப்ட்டா நீங்க என்ன நெனச்சுப்பேளோன்னு..."

தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

கிழவர் பொட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, மிஷினைக் கிளப்பும் கயிற்றில் கை வைத்தார்.

"தொடப்படாதுன்னு சொல்லு அவர்ட்ட" என்றேன். "எண்ணெய் நன்னா அடியில எறங்கணும். அர மணி ஆகும்னு சொல்லு."

இரண்டு நிமிஷம் போதும். அது அவளுக்கும் தெரியும்.

ஹரிதா மூக்கைத் துடைத்துக்கொண்டு கிழவர் பக்கம் திரும்பி, ஒரு மணி நேரம் ஆகும் என்றாள்.